ஆடிக்கொண்டே இருக்கும் மஞ்சள் பை

"தம்பிக்கு டெங்கு. கவுன்ட் இறங்கிவிட்டது என்று ப்ளேட்லெட் வாங்க ரத்த வங்கிக்குப் போனேன். சிவப்புப் பைகள் எல்லாம் ஃப்ரிட்ஜில் கிடக்க, மஞ்சள் பைகளை மட்டும் ஒரு மெஷின் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தது. ஏன்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அந்தப் பதற்றத்திலும் இதைக் கவனித்திருக்கிறாரே!

தானமாகக் கிடைத்த ரத்தத்தை வேகமாகச் சுழற்றினால் பிரிந்துவிடும். அடியில் ஆக்சிஜன் சுமக்கும் சிவப்பணுக்கள், மேலே இளமஞ்சள் பிளாஸ்மா, நடுவே பாலாடை போல மெல்லிசாக வெள்ளையணுக்களும் ப்ளேட்லெட்டும். சிவப்பணுவைக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கலாம். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருடம் தாங்கும். அந்த மஞ்சள் பையில் இருக்கும் ப்ளேட்லெட்டுக்கு மட்டும் குளிர் ஆகாது. 20 முதல் 24 டிகிரியில் 5 நாள், அவ்வளவுதான்.

ப்ளேட்லெட் முழு செல்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையின் ராட்சத செல்களிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு. சும்மா இருக்கும்போது தட்டை வில்லை. ரத்தக்குழாய் கிழிந்தால் உருண்டு, முள் முள்ளாக நீட்டி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். குளிர் பட்டாலும் இதே கோலம்தான். அப்படி உருமாறியதை உடம்பில் ஏற்றினால் கல்லீரல் சீக்கிரமே பொறுக்கி எடுத்துவிடும்.

சரி, ஆட்டுவது எதற்கு? பைக்குள்ளும் அவை சுவாசிக்கின்றன. பிளாஸ்டிக் வழியாகவே ஆக்சிஜன் உள்ளே வரும், கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். அசையாமல் கிடந்தால் இது சரியாக நடக்காது. லாக்டிக் அமிலம் சேர்ந்து வீணாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். டெக்னீஷியன் பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்ல அசைப்பார். பட்டுத்துணியைத் திருப்பினால் தெரிவது மாதிரி உள்ளே மினுமினுப்பு சுழன்றால், நல்ல பை. தட்டை வில்லைகள் ஓட்டத்தோடு ஒரே வாக்கில் திரும்புவதால் வரும் மினுமினுப்பு அது. உருண்டைக்கு ஏது பக்கம்? எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான், மங்கலாகவே இருக்கும். ஒரு பைசா செலவில்லை, வெறும் கண் போதும்.

அப்புறம், அந்தக் கவுன்ட். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டரில் 1.5 முதல் 4.5 லட்சம் இருக்கும். ரத்தக்கசிவு இல்லாவிட்டால் 10,000-க்கு மேல் இருக்கும்வரை பொதுவாக ஏற்றுவதில்லை. டெங்குவில் பெரிய ஆபத்து, குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவதுதான். அதனால்தான் டாக்டர் ஹெமட்டோக்ரிட்டையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பதையும், திரும்பத் திரும்பப் பார்க்கிறார். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவர்களுக்குக் கவுன்ட் தானாகவே ஏறத் தொடங்கும். வீட்டில் பப்பாளி இலையை அரைத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் அதே நாட்களில்தான். உழைப்பது மஜ்ஜை, பெயர் பப்பாளிக்கு.