குளிரில் வியர்த்தால் உஷார்: மலைத்தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்கு

கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்து அடிக்கிற காலங்களில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் மருத்துவமனைக்கு ஒரே மாதிரிப் புகார்களோடு ஆட்கள் வருவார்கள். தலை கிறுகிறுப்பு, குமட்டல், கண் மங்கல், வயிற்றை முறுக்கிக்கொண்டு பேதி. கூட வந்தவர், "ஒண்ணுமில்ல டாக்டரம்மா, பித்தம். காலையில வெறும் கடுங்காப்பியோட போயிட்டாரு" என்று நோயையும் கண்டுபிடித்தே கொண்டுவந்து கொடுப்பார். பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். சரியில்லாத நேரத்தைப் பிரித்தெடுக்க நான் முதலில் பார்ப்பது நெற்றியை. நீலகிரி மலையில் எங்கள் கேத்தியிலும் எமரால்டிலும் ஜனவரிச் சாயங்காலத்தில் யாருக்கும் சும்மா வியர்ப்பதில்லை. மப்ளர் சுற்றிய ஆளுக்கு நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை துளிர்த்து, எச்சில் ஊற ஊறத் துப்பிக்கொண்டிருந்தால், என் அடுத்த கேள்வி "இன்னைக்கு என்ன மருந்து அடிச்சீங்க?" என்பதுதான்.

குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ், அசிபேட் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும், கார்போபியூரான் போன்ற கார்பமேட் மருந்துகளும் பூச்சியைக் கொல்வது ஒரே வழியில். நரம்பு ஒரு கட்டளையைக் கொடுத்து முடித்ததும் அதை அணைத்துவைக்க கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி நம் உடம்பில் இருக்கிறது, பூச்சிக்கும் இருக்கிறது. மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். கட்டளை அணையாமல் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் வியர்வை, எச்சில், கண்ணீர், பேதி எல்லாம் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன. நாடி தளரும், நெஞ்சில் சளி கட்டும், இமையும் கன்னமும் தானாகத் துடிக்கும். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிவிடும். வீட்டில் இதைச் சோதிக்கிறேன் என்று செல்போன் டார்ச்சை அடித்துப் பார்க்கிறார்கள். டார்ச் அடித்தால் நல்ல கண்ணிலும் கண்மணி சுருங்கத்தான் செய்யும். மங்கலான வெளிச்சத்தில், பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் கண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

"வாயில எதுவும் படல, முகத்துல துண்டு கட்டியிருந்தேன்" என்று பலரும் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் நிற்பவர் உடம்பில் மருந்து ஏறுவது பெரும்பாலும் தோல் வழியாக. எல்லா இடத்துத் தோலும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 1971-ல் வெளிவந்தது. முன்கையைவிட நெற்றித் தோல் நான்கு மடங்குக்கு மேலும், விதைப்பைத் தோல் பன்னிரண்டு மடங்கு அளவுக்கும் உறிஞ்சுகின்றன என்று அதில் தெரிந்தது. வேலைக்கு நடுவில் அவசரமாக ஒன்றுக்குப் போகிறவர்கள், போய்விட்டு வந்து கை கழுவுவதைவிட, போவதற்கு முன் கழுவுவது ரொம்ப முக்கியம். கூட்டங்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பரவாயில்லை, சிரித்தது நினைவில் நிற்கும்.

நம் மலையில் இதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. சமவெளியில் மருந்து அடித்த ஆள் வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றுவார், கிணற்றடியிலேயே குளிப்பார். இங்கே இரண்டும் நடக்காது. டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருக்கும். ஆள் குனியும்போதெல்லாம் நடு முதுகில் சொட்டுச் சொட்டாக இறங்கும். மேலே ரெயின்கோட், அதனடியில் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் அடியில் பனியன். கழுத்து வழியாக உள்ளே இறங்கியது வெளியே போக வழியில்லாமல் அங்கேயே ஊறிக் கிடக்கும். அப்படி வந்த ஒருவரின் ஸ்வெட்டரை எங்கள் சிஸ்டர் கையுறை போட்டுக்கொண்டு முறுக்கினார். பால் மாதிரி வெள்ளையாக நீர் சொட்டியது. முதுகில் ஸ்வெட்டரின் பின்னல் சிவப்பாகப் பதிந்திருந்தது. காலையில் நனைந்தவர், "கழட்டினா குளிருமே" என்று மாலை வரை அதே ஸ்வெட்டரோடு இருந்திருக்கிறார். அதனால் முகத்துக்கு என்ன கட்டுவது என்ற கேள்வியைவிட, மாற்றுத் துணியும் சோப்பும் தோட்டத்திலேயே இருக்கிறதா என்ற கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். துண்டும் துணி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. நனைந்துவிட்டால் மருந்தை மூக்கோடும் வாயோடும் ஒட்டிவைத்துக் கொடுக்கும் வேலையைத்தான் செய்யும்.

கையுறை என்றால் ஆஸ்பத்திரியில் நாங்கள் போடும் மெல்லிய உறை இல்லை. முழங்கை நோக்கி நீளும் தடித்த நைட்ரைல் உறை. கழற்றும் முன் உறையோடு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கம்பூட்ஸுக்குள் பேன்ட்டைச் செருகக் கூடாது, வெளியே விட வேண்டும். அட்டைக்குப் பயந்து செருகிச் செருகிப் பழகிய கால்கள், இதை மாற்றுவது லேசில்லை. நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். பழைய டூத் பிரஷ் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போதும்.

பவர் ஸ்பிரேயர் வந்த பிறகு இன்னொருவர் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார். அவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தெளிப்புத் துப்பாக்கி பிடிப்பவருக்காவது ரெயின்கோட்டும் பூட்ஸும் இருக்கும். பின்னால் ஓஸ் இழுப்பவருக்கு ஒன்றும் இருக்காது. அது பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் லீவில் இருக்கும் பையன். அடித்து முடித்த செடிகளின் மேல் புரண்டு வரும் ஈர ஓஸை வெறுங்கையால் சுருட்டிச் சுருட்டித் தோளில் போடுகிறார்கள். படிக்கட்டு நிலமாக இருந்தால் மேல்படியில் அடிப்பது கீழ்ப்படியில் நிற்பவரின் முகத்துக்கு நேராக இறங்கும். அடித்தவர் நன்றாக இருக்க, ஓஸ் இழுத்தவர் படுக்கையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். விவரமான பழைய ஆட்கள் கீழ்ப்படியில் தொடங்கி மேலே ஏறிப் போவார்கள், நனைந்த செடிக்குள் திரும்பி நடக்கவே மாட்டார்கள். கையுறை ஒரு ஜோடிதான் இருக்கிறதென்றால் அதை ஓஸ் இழுப்பவருக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. கேட்டவர்கள் முறைப்பார்கள். சரி, இரண்டு ஜோடி வாங்குங்கள் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்வது.

அடுத்த நாள் காலையில் களை எடுக்க வருகிற பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு. முந்தின நாள் அடித்தது இலையில் காய்ந்திருக்கும். இரவுப் பனி இறங்கியதும் அது மறுபடி ஈரமாகும். ஏழு மணிக்கு வரிசைக்குள் உட்கார்ந்தால் புடவையும் கையும் நனைவது வெறும் பனியில் இல்லை. எத்தனை நாள் கழித்து உள்ளே இறங்கலாம் என்று லேபிளில் இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் குறைந்தது ஒரு முழு நாள் விட்டு, அதுவும் பனி காய்ந்த பிறகு.

மருந்து கலக்கும் நேரம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது, ஏனென்றால் அப்போது கையில் இருப்பது தண்ணீர் சேராத மூலமருந்து. டேங்குக்கு இத்தனை மூடி என்று கணக்கு வைத்து, கையையே விட்டுக் கலக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையில் அரை லிட்டரைப் பிரித்து லூசில் கொடுப்பதும் நடக்கிறது. அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம், அவசரத்தில் என்ன விஷம் என்று சொல்ல லேபிளே கையில் இருக்காது என்பது எனக்குப் பெரிய கவலை. அப்படிப் பிரித்தது வந்து சேர்வது அநேகமாக ஒரு காலி மது பாட்டிலில். நீலகிரியில் 2022-லிருந்து காலி மது பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கிறது. மருந்து அளந்த பாட்டிலைத் தயவுசெய்து அந்தப் பத்து ரூபாய்க்காகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதைவிட, மருந்தை அந்தப் பாட்டிலில் ஊற்றாமலே இருப்பது நல்லது; இருட்டில் தடவி எடுத்துக் குடித்தவர்கள் உண்டு.

லேபிளில் இருக்கும் சாய்சதுரத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. ஆனால் அந்த நிறம் எலிக்குக் கொடுத்துப் பார்த்த அளவை வைத்துப் போடப்பட்டது. களைக்கொல்லி பாராகுவாட்டுக்கு மஞ்சள்தான், ஆனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், சாதாரண விஷத்துக்குக் கொடுப்பது போல ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தால் சேதம் கூடும். புண்ணோ சிராய்ப்போ உள்ள முதுகில் ஒழுகும் டேங்கைச் சுமந்து பாராகுவாட் அடிப்பதை நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது. பூஞ்சைக்கொல்லி மான்கோசெப்புக்குப் பச்சைதான், ஆனாலும் மாதக்கணக்கில் ஆறாத தோல் அரிப்போடு வருகிறவர்களிடம் கேட்டால் கருகல் நோய்க்கு அதை அடித்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். போரேட், டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்துகள் 2020 முடிவோடு நிறுத்தப்பட்டவை. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். (36 சதவீதக் கரைசல்) மீதும், 3 சதவீத உறைக் குருணை தவிர மற்ற கார்போபியூரான் வடிவங்கள் மீதும் 2023-ல் தடை ஆணை வந்தது. உருளைக்கிழங்கு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, அதைக் கொல்ல மண்ணில் மருந்துக் குருணை தூவுவது இங்கே பரம்பரைப் பழக்கம். உரம் போடுகிற கையாலேயே, உறையில்லாமல், வீசித் தூவுவார்கள். ஷெட்டில் அட்டத்தின் மேல் எத்தனை வருடத்துப் பொட்டலங்கள் கிடக்கின்றன என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

கொய்மலர் பாலிஹவுஸில் காற்றோட்டமில்லை என்பதால் அடித்தவுடன் வெளியேறி, பக்கத் திரைகளைத் தூக்கிவிட்டு, நன்றாகக் காற்று ஓடிய பிறகே திரும்ப வேண்டும். காளான் குடிலில் பார்மலின் கையாளுபவர்களுக்கும் அதே. காட்டேஜ்களில் வேலை செய்யும் தங்கைகளே, பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒரே பக்கெட்டில் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திய பாத்ரூமில் இரண்டு மூச்சு போதும், இருமி இருமி நெஞ்சு புண்ணாகிவிடும்.

ஒருவருக்கு ஏறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் முதல் வேலை துணியைக் கழற்றுவது. ஸ்வெட்டர், பனியன், உள்ளாடை, அரைஞாண் கயிறு வரைக்கும் எல்லாம். பிறகு சோப்புப் போட்டுத் தலை, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, நகக்கண் எல்லாம் கழுவ வேண்டும். தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று தயங்கினால் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் இன்னும் உறிஞ்சும். கழுவியதும் காய்ந்த கம்பளியைச் சுற்றுங்கள். கழுவுகிறவர் கையுறையோ, அது இல்லையென்றால் பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர், சாணிக் கரைசல் என்று எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்ச் செத்தவர்கள் இருக்கிறார்கள். கழுவும்போதே இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மஞ்சூர், கிண்ணக்கொரை மாதிரி தூரத்து ஊர்களில் வளைவு வளைவாக வண்டி வந்து சேர நேரமாகும். அந்த நேரம் முழுக்க நனைந்த துணி உடம்பில் இருந்தால் விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். டப்பாவையோ, அதன் லேபிளை எடுத்த போட்டோவையோ கொண்டுவாருங்கள். மருந்து வாங்கும் அன்றே லேபிளைப் போட்டோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது; ஷெட்டில் இருக்கும் டப்பாவில் மூன்றாவது வாரமே எழுத்து அழிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் அட்ரோபின் என்ற மாற்று மருந்தை ஏற்றுவோம். அது ஏறியதும் வாய் வறளும், ஆள் பிதற்றுவார், போர்வையைப் பிடுங்குவார். "வந்ததைவிட மோசமாயிட்டாரே" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மறுநாள் தெளிந்ததும் "நல்லாத்தானே இருக்காரு, கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள். போக வேண்டாம். ஆர்கனோபாஸ்பேட்டில் முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் ஒரு கட்டம் சிலருக்கு வரும். காலை ரவுண்ட்ஸில் நாங்கள் வேறொன்றும் செய்ய மாட்டோம், "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க" என்போம். பேசுவார், சிரிப்பார், இட்லிகூடக் கேட்பார்; தலை மட்டும் எழும்பாது. அப்போது வென்டிலேட்டர் எட்டும் தூரத்தில் இருந்தால் பிழைத்துவிடுவார்.

வருடம் முழுக்க அடிப்பவர்கள் ரத்தத்தில் கோலின்எஸ்டரேஸ் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த அளவு ஆளுக்கு ஆள் இயல்பிலேயே வேறுபடும், அதனால் நோய் வந்தபின் ஒரு தடவை மட்டும் பார்த்துப் பல நேரம் உறுதியாகச் சொல்ல முடியாது. நீர்போகம் என்ற பாசனப் பட்டத்துக்கு விதைக்கும் முன்பு, மருந்து தொடாத சில வாரங்களுக்குப் பிறகு எடுத்த அளவு ஒன்று கையில் இருந்தால் அதோடு ஒப்பிடலாம். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு இதை நிர்வாகமே கவனிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-ல் சேர்த்த பகுதி, மருந்து கையாளும் ஒவ்வொருவருக்கும் உடல்நலப் பதிவேடு, கழுவவும் குளிக்கவும் துணி மாற்றவும் இடம், மேற்பார்வைக்குத் தகுதியான ஆள் என்று வரிசையாகச் சொன்னது. "எங்க டிவிஷன்ல குளிக்கிற ரூம் இருக்கு டாக்டரம்மா, பூட்டியிருக்கும், சாவி ஆபீஸ்ல" என்று ஒரு தெளிப்பாளர் சொன்னார். சாவியைக் கேட்டு வாங்குங்கள். மருந்து அடிக்கிற நாளில் காலை ஆறு மணிக்கே கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளே வெந்நீருக்கு ஒரு பாய்லர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.