நாஞ்சில் வயலில் தவிட்டுக் குருவிகள்: எதைப் பார்த்துப் பெயர் சொல்வது?

குமரி மாவட்டத்தில் கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுத்த வயலில், தேரூர் பக்கமோ பறக்கை பக்கமோ, தவிட்டு நிறக் கூட்டம் ஒன்று எழும்பிப் போய் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். "அது நம்ம அடைக்கலாங்குருவிதான் மக்கா" என்பார்கள். அடைக்கலாங்குருவி என்பது சிட்டுக்குருவிதான். ஆனால் அந்த வரிசையில் அதோடு தூக்கணாங்குருவியும் சில்லையும் கலந்திருக்கலாம். மூன்றையும் பிரித்தறிய நிறத்தை நம்பினால் பாதி வழியில் கைவிட்டுவிடும். அலகு, இறக்கை, முதுகு, வால் ஆகியவை அப்படி ஏமாற்றுவதில்லை.

நிறம் ஏன் கைவிடுகிறது? சிட்டுக்குருவி ஆண்டுக்கு ஒரு முறை, குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்த பிறகு, இறகு முழுவதையும் உதிர்த்துப் புதுப்பிக்கிறது. அப்போது ஆணின் தொண்டையில் முளைக்கும் இறகுக்கு அடிப்பகுதி கறுப்பு, நுனி வெளிர் சாம்பல். நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கறுப்பை மறைத்துவிடும். மாதங்கள் போகப்போக நுனி தேய்ந்து உதிர, உள்ளே இருந்த கறுப்பு வெளியே தெரிகிறது. கறுப்புக்குக் காரணமான மெலனின் இறகை உறுதியாக்கும். அது குறைந்த நுனி எளிதில் தேய்ந்துவிடும். புது இறகு முளைக்காமல், பழையது தேய்ந்தே ஒரு பறவை மாப்பிள்ளைக் கோலத்துக்கு வருவது எனக்கு இன்றும் வியப்புதான். அலகின் கதை வேறு. ஆண் ஹார்மோன் ஏறினால் அது கறுக்கும், இறங்கினால் பழுப்பாகும்.

தூக்கணாங்குருவி ஆணுக்கு இந்த வழி இல்லை. மழைக்காலத்தை ஒட்டிப் புது இறகு முளைத்துத்தான் உச்சியில் மஞ்சளும் முகத்தில் கறுப்பும் வருகின்றன. கூடு கட்டும் பருவம் போனதும் அவற்றை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலவே தவிட்டு நிறமாகிவிடும். இடைப்பட்ட நாட்களில் தலையில் மஞ்சள் திட்டுத்திட்டாக இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நமக்கு வேலை மிச்சம். மற்றபடி சிரமமெல்லாம் பெண் சிட்டுக்குருவியையும் பெண் தூக்கணாங்குருவியையும் பிரிப்பதில்தான். இரண்டும் ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், இரண்டுக்கும் முதுகில் கோடு, கண்ணுக்கு மேலே வெளிர்ப் புருவம்.

பைனாகுலரை முதலில் முகத்துக்குக் கொண்டுபோங்கள். தூக்கணாங்குருவியின் அலகு அடியில் தடித்த கூம்பு. அதன் மேல்விளிம்பு நெற்றிக்குள் ஏறிப் போவதால், பக்கவாட்டில் பார்க்கையில் அலகும் நெற்றியும் ஏறக்குறைய ஒரே சரிவாகத் தெரியும். சிட்டுக்குருவிக்குத் தலை உருண்டை, அலகு சிறிது. அலகு எங்கே முடிந்து நெற்றி எங்கே தொடங்குகிறது என்பது துலக்கமாக இருக்கும். அடுத்தது இறக்கை. சிட்டுக்குருவியின் தோளுக்குக் கீழே வெளிறிய பட்டை ஒன்று குறுக்கே ஓடும், தூக்கணாங்குருவிக்கு அப்படி எடுப்பான பட்டை கிடையாது. வாலும் உதவும். தூக்கணாங்குருவியின் வால் குட்டை, அதனால் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு கட்டையாகத் தெரியும். மூன்றும் ஒத்துப்போனால் பெயரைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஆரல்வாய்மொழி போன்ற உலர்ந்த பகுதிகளில் மரங்களை ஒட்டி நடக்கும்போது மஞ்சள் தொண்டைச் சிட்டையும் மனதில் வைத்திருப்பது நல்லது. அதன் முதுகில் கோடே இல்லை. இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், ஆணின் தோளில் செம்பழுப்புத் திட்டு. பெயரில் உள்ள மஞ்சள் தொலைவில் கண்ணுக்குப் படாது, முதுகுதான் காட்டிக்கொடுக்கும். 1908-ல் மும்பையில் சிறுவன் சாலிம் அலி பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியதும், அவரைப் பறவையியலுக்குள் இழுத்ததும் இந்தச் சிட்டுதான். அவரே 1933-ல் திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய இந்தப் பக்கம் வந்தார். குமரி அன்று அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது.

சில்லைகளைப் பிரிப்பது எளிது. அவை சிட்டுக்குருவியைவிடச் சிறியவை. அலகு தடித்து ஈயச் சாம்பலாக இருக்கும், வால் நுனி கூர்மையாக முடியும். கதிரிலேயே தொற்றி நின்று மணியை உருவித் தின்னும், எழும்பினால் நெருக்கமாகச் சேர்ந்து பறக்கும். பறக்கையில் இடுப்பில் வெள்ளை பளிச்சிட்டால் வெண்முதுகுச் சில்லை. மார்பில் செதில்செதிலாக வரி இருந்தால் புள்ளிச் சில்லை. இளசுகளுக்குத்தான் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. புள்ளிச் சில்லையின் இளசும் கருந்தலைச் சில்லையின் இளசும் ஒரே வெறும் பழுப்பு. உடன் வரும் பெரிய பறவையைப் பார்த்து ஊகிக்கலாம் என்றாலும், கலந்த கூட்டத்தில் அந்த ஊகம் தவறிப்போகும். அப்படிப்பட்ட நாளில் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் இனம் குறிப்பிடாமல் 'சில்லை' என்று மட்டும் பதிந்துவிட்டு, அடுத்த வரப்புக்கு நகர்ந்துவிடலாம்.