சாலையோரத்தில் பேசி முடிக்காதீர்கள்: இடிபட்டவருக்கு உள்ள உரிமைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பெரிய சாலையில் காலை ஏழு மணிக்குச் சற்று நின்று பாருங்கள். ஏற்கெனவே வண்டிகள் நிற்கும் இடத்தில், இரண்டாவது வரிசையாகக் காரை நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் வாங்கப் போகிறார் ஒருவர். இன்னொருவர் பின்னால் யார் வருகிறார் என்று பாராமலே கதவைத் திறக்கிறார். திரும்பும் விளக்கைப் போடுவது தமக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் சந்திப்புக்குச் சந்திப்பு இருக்கிறார்கள். ஈப்போ பக்கம் போனால் கந்தானில் கல்லும் சிமெண்டும் ஏற்றிய லோரிகள். அவற்றை முந்துவதற்காக இரட்டைக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாயும் கார்கள். இத்தனைக்கும் நடுவில்தான் தோட்டங்களிலிருந்து செம்மோருக்கும் தாசேக்குக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன.

இந்த ஓட்டுநர்களைத் திட்டுவதற்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இடித்த பிறகு என்ன கேட்கலாம், எங்கே கேட்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. தெரியாதவர்களின் பணம் மோதியவரின் பையிலும், காப்புறுதி நிறுவனத்திலும், இடைத்தரகரின் கையிலும் தங்கிவிடுகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் பிறருக்கு ஏற்படும் காயத்தையும் மரணத்தையும் ஈடுகட்டும் காப்புறுதி இருந்தாக வேண்டும். ஆகவே தவறு செய்தவரின் காப்புறுதியிடம் நீங்கள் இழப்பீடு கேட்கலாம். வேலைக்குப் போகும்போதோ வேலையிலிருந்து திரும்பும்போதோ விபத்து நடந்திருந்தால், 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் அனுகூலமும் உண்டு. சொக்சோவில் வாங்குவதால் மோதியவர் மீது வழக்குப் போடும் உரிமை போய்விடாது. இரண்டையும் கேட்கலாம். இதைப் பலரிடம் யாரும் சொல்வதில்லை.

முதல் 24 மணி நேரம்

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். மோதியவருக்கும் இது தெரியும். அதனால்தான் அவர் உடனே பணப்பையைத் திறக்கிறார். "அண்ணே, போலீஸெல்லாம் எதற்கு? இந்தாங்க இருநூறு வெள்ளி, பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பார். நம் ஆட்களும் வேலைக்கு நேரமாகிறது என்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மாலையில் முழங்கால் வீங்குகிறது. மறுநாள் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிகிறது. அப்போது கையில் போலீஸ் புகாரும் இல்லை, வண்டி எண்ணும் இல்லை. அந்த மனிதரோ தொலைபேசியை எடுப்பதில்லை. பணத்தை வாங்காதீர்கள். வண்டி எண் பலகை, சேதம், சாலையில் வண்டிகள் நின்ற நிலை, ஓட்டுநரின் அடையாள அட்டை எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எண் சரியாக இருந்தால் எந்த நிறுவனத்தின் காப்புறுதி என்பதைப் பட்டறையிலோ காப்புறுதி முகவரிடமோ கண்டுபிடித்துவிடலாம்.

புகார் கொடுக்கப் போகும் இடத்திலேயே அலைக்கழிப்பு தொடங்கும். "விபத்து நடந்தது எங்கள் வட்டாரத்தில் இல்லை, அங்கே போ" என்று அனுப்பப் பார்ப்பார்கள். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகாரைப் பதியலாம். விசாரணையை உரிய போக்குவரத்துப் பிரிவுக்கு மாற்றுவது அவர்களுடைய வேலை. காலில் கட்டோடு வந்தவரை இன்னொரு ஊருக்குப் போகச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ, தெரியவில்லை. மரியாதையாக, ஆனால் நகராமல் நின்று கேளுங்கள். மருத்துவமனையில் படுத்திருப்பவர் எழுந்து நடமாட முடிந்ததும் புகார் செய்யட்டும். சேர்க்கப்பட்ட தேதி காட்டும் தாள் கையில் இருக்க வேண்டும்.

புகாரில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொறி. நீங்கள் பேசுவீர்கள், போலீஸ்காரர் மலாயில் தட்டச்சு செய்வார், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். "திடீரென்று வந்துவிட்டான், நான் பார்க்கவில்லை" என்று நீங்கள் ஆற்றாமையில் சொன்னது, நீங்கள் கவனிக்காமல் ஓட்டியதாகத் தாளில் ஏறிவிடும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு காப்புறுதி நிறுவனம் பாதிப் பழியை உங்கள் மேல் போடும். மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்த மகனையோ மகளையோ அழைத்துப் போங்கள். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லி, தவறிருந்தால் திருத்தச் சொல்லி, அதன்பிறகு கையெழுத்திடுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்றால் அதைப் புகாரிலேயே எழுதச் செய்யுங்கள்: வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த வேலையிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள் என்று. இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் சொக்சோவில் மாதக்கணக்கில் இழுபட்ட கோரிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே வருமுன் புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அவரிடமிருந்து விபத்து இடத்தின் வரைபடம், அதன் விளக்கக் குறிப்பு, புகைப்படங்கள், விசாரணை முடிவு ஆகியவை வேண்டியிருக்கும். அதிகாரி பணி மாறிப் போய்விட்டார், கோப்பு மேலிடத்தில் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்வார்கள். அடுத்த வாரம் போங்கள். போன தேதியையும் பேசியவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. சில சமயம் இடிபட்டவர் பெயரிலேயே சம்மன் (அபராதச் சீட்டு) வந்து நிற்கும். தொல்லை ஒழிந்தால் சரி என்று கட்டிவிடுகிறார்கள். கட்டிய ரசீதைக் காப்புறுதி நிறுவனம் நீங்கள் தவற்றை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். தவறு உங்களுடையது அல்ல என்றால் கட்டுவதற்கு முன் விசாரணை அதிகாரியிடம் பேசுங்கள். நீதிமன்றத்தில் மறுத்து நிற்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

"சாலையில் நடந்தது சொக்சோவில் வராது" என்னும் பொய்

தோட்டத்து ஆபீஸில் கிராணியும் (எழுத்தரும்), தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவினரும் கூசாமல் சொல்லும் பதில் இது. சட்டம் நேர்மாறாக இருக்கிறது. தங்கும் இடத்துக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணம், வேலை நிமித்தமான பயணம், சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் பயணம் எல்லாமே பாதுகாப்புக்குள் வருகின்றன. சொந்த வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அம்மா வீட்டில் தங்கியிருந்து அங்கிருந்து கிளம்பியிருந்தால் அதுவும் செல்லும். அதை வாக்குமூலத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வழி மாறினால்தான் சிக்கல். வேலை முடிந்து சொந்தக் காரியமாக வேறு பக்கம் போய், அங்கே இடிபட்டால் கோரிக்கை தள்ளுபடியாகலாம். அதனால்தான் சொக்சோ உங்களிடம் வீட்டிலிருந்து வேலையிடம்வரை போகும் வழியின் வரைபடத்தையும், விபத்து நாளின் வருகைப் பதிவு அட்டையையும் கேட்கும். தோட்டச் சாலை, கம்பத்து (கிராமத்து)ச் சாலை, குறுக்கு வழி என்று பல வழிகள் இருக்கும் நம் பகுதியில், அன்றாடம் எந்த வழியாகப் போகிறீர்களோ அதையே வரையுங்கள். சுருக்கமாகத் தெரியும் வழியை வரைந்து, விபத்து நடந்த இடம் அதில் இல்லாமல் போனால் விளக்கம் சொல்லியே களைத்துவிடுவீர்கள்.

விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. பலர் செய்வதில்லை. குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்களின் நிலை இன்னும் மோசம்: விபத்து நடந்த பிறகுதான் அவர்கள் பெயர் சொக்சோவில் பதியப்படவே இல்லை என்பது வெளியே வரும். குத்தகைக்காரர் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, "சொக்சோ பக்கம் போகாதே" என்பார். அவர் அஞ்சுவது உங்களுக்காக அல்ல. சந்தா கட்டாத குற்றத்துக்காக. பதியவில்லை என்பதற்காக உங்கள் உரிமை தானாக அழிந்துவிடாது. அங்கே வேலை செய்ததற்கான ஆதாரம்தான் முக்கியம்: சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் விழுந்த பணம், வேலைக்கு வரச் சொல்லி மண்டோர் (மேற்பார்வையாளர்) அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. இவற்றை எடுத்துக்கொண்டு நீங்களே நேராகச் சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். 1-300-22-8000 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மருத்துவ விடுப்பு நாள்களுக்கான தொகை, சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. ஆனால் விடுப்பு குறைந்தது நான்கு நாளாவது இருக்க வேண்டும். மூன்று நாள் விடுப்போடு வீட்டில் படுத்திருந்தால் சொக்சோவிலிருந்து அந்தத் தொகை கிடையாது. வலி இருந்தும் வேலை போய்விடும் என்ற பயத்தில் டாக்டரிடம் "சரியாகிவிட்டது" என்று சொல்லி வேலைக்கு ஓடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கிளினிக்கில் கிடைக்கும் ஒவ்வொரு விடுப்புச் சான்றின் மூலப் பிரதியும் உங்களிடம் இருக்கட்டும். முதலாளியிடம் கொடுக்கும் முன் நகல் எடுங்கள். காணாமல் போவதில் அந்தத் தாள்களுக்குத் தனித் திறமை உண்டு.

இதற்குப் பிறகுதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். விடுப்புப் பணம் வந்ததும் கதை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். விரல் மடங்கவில்லை, கால் குட்டையாகிவிட்டது, தோள் தூக்க முடியவில்லை என்றால் அது நிரந்தர ஊனம். சிகிச்சை முடிந்ததும் அதற்குத் தனியாக விண்ணப்பித்து, மருத்துவர் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். அவர்கள் விழுக்காடு போடுவார்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் மாதாமாதம் வரும் தொகையாகவே கிடைக்கும். இதை யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்மணி மணிக்கட்டு திரும்பாத கையோடு வெகுகாலம் சும்மா இருந்தார். "விடுப்புப் பணம்தான் கொடுத்துவிட்டார்களே" என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட பதில். தள்ளிப்போடாதீர்கள், தாமதமானால் அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

காப்புறுதிப் பணம்

நம்மிடம் உள்ள பழைய மோட்டார் சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் இருக்கும். அது நீங்கள் இடித்தவருக்குக் கொடுக்கும். உங்கள் வண்டிக்கு ஒரு காசும் கொடுக்காது. ஆகவே உங்கள் வண்டியைச் சரிசெய்யும் செலவையும் மோதியவரின் காப்புறுதியிடம்தான் கேட்க வேண்டும். மதிப்பீட்டாளர் பார்த்துப் படமெடுக்கும்வரை வண்டியைச் சரிசெய்துவிடாதீர்கள். முழுக் காப்புறுதி உள்ள கார் என்றால், தவறு எதிராளியுடையது என்று போலீஸ் முடிவு சொல்லும்போது, உங்கள் நிறுவனத்திடமே கோரிப் பழுதுபார்க்கலாம். கோரிக்கை செய்யாத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவும் (தள்ளுபடியும்) குறையாது. ஆனால் முகவரோ பட்டறையோ அதைச் சாதாரணச் சொந்தச் சேதக் கோரிக்கையாகப் போட்டுவிட்டால் கழிவு போய்விடும். 55 விழுக்காடு வரை சேர்ந்த கழிவு அது. எந்த வகைக் கோரிக்கை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தாளில் கையெழுத்திடுங்கள். உங்கள் நிறுவனத்துக்கும் ஏழு நாளுக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் இருந்தால் 30 நாள்.

காயத்துக்கான இழப்பீட்டில் கழுகுகள் வேறு. அரசு மருத்துவமனைப் படுக்கையருகே நல்ல தமிழில் பேசிக்கொண்டு ஒருவர் வருவார். "வழக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், முன்பணமாக ஐந்நூறு வெள்ளி வைத்துக்கொள்" என்று சொல்லி, வெற்றுத் தாளிலோ படிக்காத படிவத்திலோ கைநாட்டு வாங்கிக்கொண்டு போவார். பிறகு இழப்பீட்டில் பெரும்பங்கு எங்கே போனது என்று உங்களுக்கே தெரியாது. வழக்கறிஞர்களுக்கு ஆள் பிடித்துத் தருவதும், கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசி வழக்கறிஞர் வழக்கை எடுப்பதும் தீபகற்ப மலேசியாவில் சட்டத்துக்குப் புறம்பானவை. வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள், அவர் முகத்தைப் பாருங்கள், கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள்.

காப்புறுதி நிறுவனம் ஒரு தொகையைச் சொல்லி, "முழு இறுதித் தீர்வு" என்ற தாளைக் கொடுத்தால் அவசரப்படாதீர்கள். அதில் கையெழுத்திட்ட பின் நாளைக்குக் கால் மோசமானாலும் கேட்க முடியாது. வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. இடித்தது அரசு வாகனம் என்றால் 36 மாதம்தான்.

இடித்துவிட்டு ஓடிப்போனவர்கள், காப்புறுதியே இல்லாதவர்கள் விஷயத்தில் மோட்டார் காப்புறுதியாளர் வாரியம் என்ற அமைப்பு இருக்கிறது. காயத்தையும் மரணத்தையும் மட்டுமே அது கவனிக்கும். வண்டிச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. அங்கேயும் போலீஸ் புகார்தான் முதல் தாள்.

வண்டிச் சேதக் கோரிக்கையைக் காப்புறுதி நிறுவனம் இழுத்தடித்தாலோ அநியாயமாகக் குறைத்தாலோ, முதலில் அவர்களுடைய புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள். வாயால் சொன்ன "முடியாது" எதற்கும் உதவாது. அந்தக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையை நாடலாம். எதிராளியின் காப்புறுதி மீதான வண்டிச் சேதக் கோரிக்கை என்றால் 10,000 ரிங்கிட் வரை அவர்கள் விசாரிப்பார்கள். கட்டணம் எதுவும் கேட்கமாட்டார்கள்.