சீமைக் கருவேலம்: வெட்டிய பிறகு வரும் மழையில் செய்ய வேண்டியது

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் கண்மாய்களில் சீமைக் கருவேலத்தை அகற்றும் பணிகளில் தாவரவியல் ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பங்கேற்று வருகிறேன். இந்தப் பணிக்கு ஆள் திரட்டுவது கடினமல்ல. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஊர் இளைஞர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் என ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நூறு பேர்கூடச் சேர்ந்துவிடுவார்கள். அதே கண்மாய்க்கு அடுத்த மழைக்குப் பிறகு பத்துப் பேரை வரவழைப்பதுதான் கடினம். மரம் ஒழிகிறதா, முன்பைவிட நெருக்கமாகத் திரும்பி வருகிறதா என்பது அந்தப் பத்துப் பேரின் கையில்தான் இருக்கிறது.

தரையோடு வெட்டிய ஒரு தூரைச் சில வாரங்கள் கழித்துக் குனிந்து பார்த்தால் காரணம் புரியும். வெட்டுவாய்க்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேருமிடத்தில் உறங்கிக் கிடந்த மொட்டுகளிலிருந்து இளம்பச்சைத் தளிர்கள் கொத்துக்கொத்தாகக் கிளம்பியிருக்கும். ஒற்றை மரமாக நின்றது, பல தண்டுகள் கொண்ட முட்புதராகிவிடும். ஆகவே தூரைச் சுற்றி ஏறத்தாழ ஓர் அடி ஆழம் தோண்டி, அந்த மொட்டுகள் இருக்கும் பகுதி முழுவதையும் வேரோடு எடுத்துவிட வேண்டும். ஜேசிபி இயந்திரம் இதை விரைவாகச் செய்யும் என்றாலும், அது புரட்டிப்போடும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் முளைக்காமல் கிடந்த விதைகள் மேலே வந்து, முதல் மழையிலேயே முளைத்துவிடுகின்றன. மண் ஈரமாக இருக்கும் அந்த நாட்களில், விரல் நீளக் கன்றைப் பள்ளிப் பிள்ளைகூட வேரோடு பிடுங்கிவிடலாம். ஓராண்டு விட்டுவிட்டால் அதே கன்றுக்குக் கடப்பாரை தேவைப்படும். 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டதைத் தொடர்ந்து தென்மாவட்டங்களில் பெரும் வேகத்தில் வேலை நடந்தது. பின்தொடர்ந்து களையெடுக்காத கண்மாய்கள் பலவற்றில் இன்று மீண்டும் முட்காடே நிற்பதைப் பார்க்கிறேன்.

விதை எங்கிருந்து வருகிறது என்பதையும் ஊரோடு பேச வேண்டும். கோடையில் பழுத்து உதிரும் இனிப்பான காய்களை ஆடுகளும் மாடுகளும் விரும்பித் தின்கின்றன. கெட்டியான உறையுள்ள விதைகள் செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியேறி, முன்னிலும் எளிதாக முளைக்கின்றன. வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடும் வழக்கமுள்ள இப்பகுதியில், ஆட்டு மந்தைகளை ஓட்டிச்சென்று மேய்க்கும் கீதாரிகளைக் குற்றவாளிகளாக்கிப் பேசுவது முறையுமல்ல, பயனும் தராது. மேய்ச்சல் வழி எது, எந்த மாதம் எந்தப் புஞ்சையில் கிடை கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த வழியை ஒட்டியே கன்றுகளைத் தேட வேண்டும் என்பதால், நான் முதலில் கலந்து பேசுவது அவர்களிடம்தான்.

அதற்கு இணையாகக் கரிமூட்டம் போடுபவர்களிடமும், விறகு பொறுக்கி அடுப்பெரிக்கும் பெண்களிடமும் பேசியாக வேண்டும். 1870-களில் விறகுத் தேவைக்காகச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களின் ஒரே வருமானமாக இருந்திருக்கிறது. அவர்களைக் கேட்காமல் கண்மாய்க்குள் இறங்கும் தன்னார்வலர்களை ஊர் வேடிக்கைதான் பார்க்கும், உடன் நிற்காது. எந்தப் பகுதியை முதலில் எடுப்பது, வெட்டிய மரம் யாருக்குப் போகும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சுத்தமானால் யார் நிலத்துக்குத் தண்ணீர் ஏறும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்த இடங்களில், கரிமூட்டம் போடுபவர்களே தூரெடுக்கும் வேலையில் முன்னால் நிற்கக் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இம்மரம் கரியமில வாயுவை மட்டுமே வெளியிடுகிறது, காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்திகளைத் துண்டறிக்கையில் அச்சிடாதீர்கள். எல்லாப் பசுந்தாவரங்களையும் போல இதுவும் ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியை வெளியிடவே செய்கிறது. வேர் ஆழமாகப் போய் நிலத்தடி நீரை எடுக்கிறது, கண்மாயின் உட்பகுதியையும் வரத்துக்காலையும் அடைக்கிறது, தன் கீழே புல்லையும் நாட்டு மரக்கன்றுகளையும் வளரவிடுவதில்லை. இவையே போதுமான காரணங்கள். மரத்தோடு வாழ்பவர்களிடம் மிகைப்படுத்திப் பேசினால், சரியாகச் சொன்னவற்றையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

களத்தில் இறங்குமுன் நாட்டுக் கருவேலத்தையும் வன்னியையும் அடையாளம் காட்டிவிடுங்கள்; ஆர்வத்தில் அவையும் வெட்டுப்படுகின்றன. நாட்டுக் கருவேலத்தின் பூ உருண்டையாக நல்ல மஞ்சள் நிறத்தில் இருக்கும். காய் மணிகளைக் கோத்த மாலை போல இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிறிய மஞ்சளில் நீண்ட கதிராகத் தொங்கும். காய் சதைப்பற்றோடு பட்டையாக இருக்கும். வன்னிக்கும் கதிர்ப்பூதான் என்பதால் முள்ளைப் பார்க்க வேண்டும். வன்னியின் முள் குட்டையாக, அடி அகன்று, கணுக்களுக்கு இடையில் ஆங்காங்கே இருக்கும். சீமைக் கருவேலத்தின் முள் கணுவிலேயே இருக்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற சரணாலயங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் மரங்களில் நாட்டுக் கருவேலமும் உண்டு. எந்தக் கண்மாயிலும் கூடுகள் இருக்கும் காலத்தில் மரங்களைத் தொடக்கூடாது.

கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திடமும் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும், உள்ளேயே ஒடிந்து சீழ்பிடிக்கும். ஆகவே கெட்டியான அடியுள்ள காலணி இல்லாதவரைக் களத்தில் இறக்காதீர்கள். தன்னார்வலர்களை அழைக்கும் அறிவிப்பிலேயே, வெட்டும் நாளோடு சேர்த்து, அடுத்த மூன்று வடகிழக்குப் பருவமழைகளுக்கும் கன்று பிடுங்கும் நாட்களைக் குறித்து, ஒவ்வொரு நாளுக்கும் பொறுப்பேற்பவர் பெயரையும் எழுதிவிடுங்கள். தண்ணீர் நிரம்பிய கண்மாய்க்குள் இறங்க முடியாது. அப்போது கரையிலும் வரத்துக்காலிலும் எடுங்கள், உட்பகுதியைத் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது ஈரம் காயுமுன் முடியுங்கள்.