பெஞ்சுக்குப் பின்னால் ஒரு விரிசல்

ஆற்றோரப் பூங்கா ஒன்றில் கரை சரிகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், சிமெண்ட் பெஞ்சுக்குப் பின்னால் புல்லுக்குள் ஆற்றுக்கு இணையாக ஒரு விரிசல். சுண்டுவிரல் நுழையும். பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வேலையாக அவர்களை எழுப்பி அனுப்பினேன். இப்படி விரிசல் விட்டால், அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் மண் கிளம்பத் தயாராகிவிட்டது என்று பொருள்.

கரையின் மேல்விளிம்பில் ஏற்கெனவே கான்கிரீட் சுவர் கட்டியிருந்தார்கள். அதுவும் சாய்ந்திருந்தது. பின்னே? ஆறு குடைவது கரையின் அடியை. இதில் வேடிக்கை, வெள்ளம் ஓடும்போது நிற்கிற கரை பல நேரம் வடிந்த மறுநாள்தான் விழும். ஊறிய மண் கனத்திருக்கும். முட்டுக்கொடுத்து நின்ற தண்ணீர் இறங்கியிருக்கும். ‘அதான் வடிந்துவிட்டதே’ என்று விளிம்பில் நின்று செல்பி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, என்ன செய்தோம்? கரையின் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துவைக்கும் துணி) விரித்து அதன்மேல் பெரிய கற்கள். துணியில் மிச்சம் பிடித்தால் கல் இடுக்கு வழியாக மண் கரைந்துபோய், கல்லும் இறங்கிவிடும். செங்குத்தான கரையை ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி அகலம் என்று சரித்து, தென்னைநார் விரிப்பு போட்டு, வெட்டிவேரும் நொச்சிக் கிளைத்துண்டுகளும் நட்டோம். வெட்டிவேர் நல்ல மண்ணில் 3 மீட்டர்கூட இறங்கும். ஆனால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்தாக வேண்டும். புரட்டாசியில் நட்டுவிட்டு ஆற்றைக் குறை சொல்லக் கூடாது.

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை எடுத்துவிட்டு, காலாங் ஆற்றை நெளிந்து ஓடவிட்டு, 2012இல் திறந்தார்கள். அதற்கு முன் பக்கத்து வடிகால் ஒன்றில் 60 மீட்டர் நீளத்துக்குப் பத்து விதமாகக் கரை கட்டிப் பார்த்து, தேறிய ஏழு விதங்களை மட்டும் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

அப்புறம், நம் பூங்காவின் மழைநீர்க் குழாய் நேராகக் கரையின் முகத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. ஓர் எல்போவும் நான்கு மீட்டர் பைப்பும் வாங்கி, அதைக் கல் வரைக்கும் இறக்கினோம். மொத்த வேலையில் மலிவானது அதுதான். பெஞ்சையும் இருபதடி உள்ளே தள்ளிப் போட்டோம். ஆறு தெரியவில்லை என்று பெரியவர்கள் இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.