ஒன்பது தடவ கையில சிக்கின ஆளு

யார்க்‌ஷயர் ரிப்பர்னு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. இங்கிலாந்துல 1975ல இருந்து 1980 வரைக்கும் 13 பெண்கள கொன்ன லாரி டிரைவர், பீட்டர் சட்க்ளிஃப். இவன போலீஸ் ஒன்பது தடவ விசாரிச்சுட்டு விட்டுட்டாங்க. போலீஸ் தூங்கிடுச்சுன்னு ஈசியா சொல்லிடலாம், ஆனா தூங்கலங்க, அட்டைக்குள்ள மூழ்கிடுச்சு.

அப்போ எல்லாமே கார்டு இண்டெக்ஸ்தான், ஆளுக்கு ஒரு அட்டை, வண்டிக்கு ஒரு அட்டை, விலாசத்துக்கு ஒண்ணு. லீட்ஸ்ல அந்த கேஸ் நடத்துன ஸ்டேஷன்ல வெயிட் தாங்க தரையவே பலப்படுத்த வேண்டியதாயிடுச்சு. 1977ல மான்செஸ்டர்ல கொலையான ஒரு பெண்ணோட கைப்பையில புத்தம்புது அஞ்சு பவுண்ட் நோட்டு கிடைச்சுது, அது எந்த கம்பெனி சம்பளக் கவர்ல போயிருக்கும்னு பேங்க் வழியா தேடி, மான்செஸ்டர் போலீசும் வெஸ்ட் யார்க்‌ஷயர் போலீசும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பேர பாத்து இவன் வீட்டுக்கும் போனாங்க. இன்னொரு பக்கம் சிவப்பு விளக்கு ஏரியாவுல சுத்துற வண்டி நம்பர்லாம் குறிச்சு வெச்சாங்க, அதுல இவன் வண்டி லீட்ஸ், பிராட்ஃபோர்ட், மான்செஸ்டர்னு மூணு ஊர்லயும் இருக்கு! ஆனா நோட்டு விஷயம் ஒரு இடத்துல, வண்டி விஷயம் வேற இடத்துல, பழைய விசாரணை பேப்பர் எங்கயோ. எல்லாத்தையும் பக்கத்துல வெச்சுப் பாக்க ஆள் இல்ல.

இதுல 1979ல எவனோ ஒரு குடிகாரன் நான்தான் கொலைகாரன்னு டேப் அனுப்ப, அதுல கேட்ட சண்டர்லேண்ட் ஊர்ப் பேச்சு வராதவன் எல்லாம் லிஸ்ட்ல இருந்து அவுட். சட்க்ளிஃபும்தான். டேப் அனுப்புனவன் 2005லதான் டிஎன்ஏல மாட்டுனான்.

கடைசில 1981 ஜனவரில பக்கத்து ஷெஃபீல்ட்ல, போலி நம்பர் பிளேட்டுக்காக வேற போலீஸ் இவன பிடிச்சுது. ரிப்பர் டீம் இவன இன்னும் விசாரிச்சுட்டுதான் இருக்காங்கன்னு கேள்விப்பட்ட ஒரு சார்ஜென்ட், பிடிபட்ட ராத்திரி இவன் ஒண்ணுக்குப் போறேன்னு ஒதுங்குன இடத்துக்கே திரும்பப் போய்ப் பாத்தாரு, சுத்தியலும் கத்தியும் கிடந்துச்சு.

அதுக்கப்புறம்தான் ஹோம்ஸ்னு ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் 1980கள் நடுவுல வந்துச்சு (ஆமா, ஷெர்லாக் ஹோம்ஸ் ஞாபகம் வரணும்னு வேணும்னேதான் அந்தப் பேரு). ஒரு வாக்குமூலம் வந்தா அதுல இருக்குற பேரு, வண்டி, போன் நம்பர், தெரு எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சு ஏத்திடுவாங்க, அதே வண்டி வேற பேப்பர்ல இருந்தா ரெண்டும் ஒண்ணா நிக்கும், அடுத்து யார பாக்கணும்னு வேலையும் அதுலயே எழுதி ஒருத்தர் தலையில கட்டிடுவாங்க. கூத்து என்னன்னா, ஒவ்வொரு ஊர் போலீசும் வேற வேற கம்பெனிகிட்ட அத வாங்கிட்டாங்க, ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்கு லேசுல புரியல. எல்லாருக்கும் ஒரே சாஃப்ட்வேரா ஹோம்ஸ் 2 வந்த பிறகுதான் அது சரியாச்சு.