தோல்வழிச் சுவறல்: ‘டெர்மல் அப்சார்ப்ஷன்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

மாசுபட்ட தொழிற்சாலை நிலங்களைப் பற்றிய ஆய்வறிக்கைகளில் ‘டெர்மல் அப்சார்ப்ஷன்’ என்னும் தொடர் தவறாமல் இடம்பெறும். நச்சுப்பொருள் கலந்த மண் உடலில் படியும்போது, அப்பொருள் தோலைக் கடந்து குருதியைச் சென்றடைவதை அது குறிக்கிறது. மண் வாய்வழியாக வயிற்றுக்குள் போவதும் புழுதி மூச்சோடு நுழைவதும் இதில் அடங்கா. அவற்றைத் தனித்தனியே கணக்கிடுகிறார்கள்.

‘டெர்மா’ என்பது தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். உரித்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. தமிழில் ‘தோல்’ என்பதோடு உறவுடைய ‘தொலி’ பெயராக நிற்கையில் தோலையும், வினையாக நிற்கையில் உரித்தலையும் சுட்டுவது இங்கே நினைக்கத்தக்கது. ‘அப்சார்ப்ஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது. அதன் உள்ளே இருக்கும் ‘சார்பேரே’ என்னும் வினைக்கு உறிஞ்சிக் குடித்தல் என்று பொருள். ஆகவே, ‘தோல்வழி உறிஞ்சல்’ என்று நாம் எழுதிவருவது மூலத்துக்கு நேரான பெயர்ப்புதான். இலங்கைப் பாடநூல்கள் இன்னும் ஒரு படி முன்னே சென்று, உள்ளே ஏற்பதை அகத்துறிஞ்சல் என்றும், மேற்பரப்பில் பற்றிவைப்பதைப் புறத்துறிஞ்சல் என்றும் அழகாகப் பிரித்துவைத்திருக்கின்றன.

ஆயினும் ‘உறிஞ்சு’ என்னும் வினையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உறிஞ்சுவதற்கு ஒரு வாய் வேண்டும், முயற்சி வேண்டும். தோலோ எதையும் இழுப்பதில்லை. அதன் மேலடுக்கு, இறந்த உயிரணுக்கள் செங்கற்களைப் போலவும் கொழுப்பு சுண்ணச்சாந்தைப் போலவும் அமைந்த மெல்லிய சுவர். உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. கொழுப்பில் கரையக்கூடிய சிறு மூலக்கூறுகள் அந்தச் சாந்தின் ஊடாக, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமே மெல்லப் பரவுகின்றன. நிலக்கரியைச் சூடாக்கி எரிவாயு எடுத்த பழைய ஆலைகளின் மண்ணில் தங்கியிருக்கும் தாரிலுள்ள பென்சோபைரீன் அத்தகையது. காட்மியம் போன்ற உலோகங்களின் உப்புகள் இவ்வழியே மிகச் சிறிதளவே நுழையும்.

மண்ணுக்கும் இதில் பங்குண்டு. நச்சுப்பொருளை மண்ணின் கரிமப் பகுதி தன்மேல் பற்றிவைத்துக்கொள்வதால், முதலில் மண் அதை விட வேண்டும். பிறகுதான் தோலுக்குள் போகும். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், குரங்குகளின் தோலில் அசிட்டோனில் கரைத்துப் பூசிய பென்சோபைரீனில் 51 விழுக்காடு உள்ளே சென்றது. அதே பொருளை மண்ணில் கலந்து 24 மணி நேரம் வைத்தபோது 13 விழுக்காடுதான் சென்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த 13 விழுக்காட்டையே கொள்கிறது. காட்மியத்துக்கு அது தரும் அளவு 0.1 விழுக்காடு.

இந்நிகழ்வுக்கு ‘சுவறுதல்’ என்னும் நம் பழைய வினை வெகுவாகப் பொருந்தும் என்பது என் துணிபு. நீர் மண்ணில் சுவறியது, எண்ணெய் தோலில் சுவறியது என்கிறோம். இங்கே எழுவாயாக நிற்பது உட்செல்லும் பொருள், அதை ஏற்கும் பரப்பன்று. இச்சொல்லுக்கு வற்றுதல் என்னும் பொருளும் இருப்பதால் குழப்பம் வரலாம் என்பார் உண்டு. ‘தோல்வழி’ என்னும் அடை முன்னே நிற்கையில் அந்த ஐயம் எழாது. ‘சரும’ என்னும் வடசொல் அடையும் தேவைப்படாது.

தோல்வழிச் சுவறல் என்று கொண்டால் அதன் கிளைச்சொற்களும் எளிதில் அமையும். தொழிலாளி ஒருவரின் தலை, கைகள், முன்கைகள் சேர்ந்த 3,300 சதுர சென்டிமீட்டர் பரப்பில், சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லிகிராம் வீதம் மண் படிவதாக அந்த 2004ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டி கணக்கிட்டது. அந்த 660 மில்லிகிராமை ‘ஒட்டுமண்’ எனலாம். அதிலுள்ள நச்சில் உட்செல்லும் பங்கைச் ‘சுவறு விகிதம்’ எனலாம். வேலை முடிந்து சோப்பிட்டுக் கழுவும்போது நீங்குவது ஒட்டுமண். அதற்குள் சுவறிவிட்டதை அந்த நீர் எட்டுவதில்லை.